ஒரே படத்தில் மூன்று அளவுகள்: அச்சுகளை எப்படி வைப்பது?

முதலில் கேள்வி. நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் ஒன்றுக்கு நிலையான சுமை கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். சுருளின் வெப்பநிலை, மின்னோட்டம், சுழல் வேகம் என்று மூன்று தரவுகள். மூன்றுக்கும் நேரம் பொது. மேட்லேப் மென்பொருளில் ஒய்ஒய்ஆக்சிஸ் கட்டளை போட்டால் இடதும் வலதுமாக இரண்டு அச்சுதான் கிடைக்கிறது, மூன்றாவதுக்கு இடமில்லை. இருக்கிற இரண்டிலும் கோடு போட்ட கட்டங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டிலும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாமே செய்யக்கூடியதுதான். ஆனால் இதில் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பைத்தானையும் அங்கங்கே சேர்த்துக்கொள்கிறேன், பாதிப் பேர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

ஃபாரன்ஹீட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். அங்கே இரண்டாவது அச்சில் புதிய தரவு எதுவும் இல்லை. அதே கோட்டை வேறு அலகில் வாசிக்க ஒரு அளவுகோல், அவ்வளவுதான். பள்ளிக்கூட ஸ்கேலில் ஒரு ஓரம் சென்டிமீட்டர், மறு ஓரம் இஞ்ச் இருக்குமே, அது மாதிரி. இடது வரம்பு 20 முதல் 100 செல்சியஸ் என்றால் வலது வரம்பு 68 முதல் 212 ஃபாரன்ஹீட். மேட்லேபில் வலது பக்கத்துக்குப் போய் எதையும் வரையாமல் ஒய்லிம் மட்டும் கொடுத்தால் போதும். ஒரே எச்சரிக்கை: பின்னால் இடது வரம்பை மாற்றினால் வலது தானாக மாறாது, நீங்கள்தான் திரும்பக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். பைத்தானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில் இந்தத் தொல்லை இல்லை. 2019-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து செகண்டரி ஒய்ஆக்சிஸ் இருக்கிறது. போக ஒரு சார்பு, வர ஒரு சார்பு என்று இரண்டைக் கொடுத்துவிட்டால் இடது பக்கம் எப்படி மாறினாலும் வலது கூடவே மாறும்.

இந்த வகை அச்சு நேர்கோட்டு உறவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வினையின் வேகம் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று காட்ட வேதியியல்காரர்கள் போடும் அர்ரீனியஸ் வரைபடத்தைப் பாருங்கள். கீழே 1000/கெல்வின் இருக்கும், மேலே செல்சியஸ் இருக்கும். கீழே 2.0 என்றால் மேலே 227 டிகிரி, 2.5 என்றால் 127, 3.33 என்றால் 27. மேல் அச்சின் எண்கள் வலமிருந்து இடமாக ஏறும், இடைவெளியும் சமமாக இருக்காது. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அதில் பொய் இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு அச்சிலும் ஒரே ஒரு சரியான இடம்தான். இதை மேட்லேபில் போடும்போது எல்லோரும் ஒருமுறை மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மேல் அச்சின் குறிகளை 27, 127, 227 என்ற வரிசையில் மாற்றிக் கொடுத்தால் 3.33, 2.5, 2.0 என்று இறங்குவரிசை வரும். மேட்லேப் ஏறுவரிசையைத் தவிர வேறெதையும் ஏற்காது, சிவப்பில் திட்டும். குறிகளையும் அவற்றின் பெயர்களையும் சேர்த்துத் திருப்பிப் போடுங்கள். மேட்பிளாட்லிப்பில் என்றால் வரம்புக்குள் பூஜ்யம் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூஜ்யத்தால் வகுக்கப்போய் எச்சரிக்கை மழை பொழியும்.

சரி, இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை. வெப்பநிலையும் மின்னோட்டமும் ஒரே பொருளின் இரண்டு அலகுகள் இல்லை, இரண்டு வெவ்வேறு பொருள்கள். இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏறக்குறைய உங்கள் சோதனையேதான். வெப்பநிலை 30 டிகிரியில் தொடங்கி வளைந்து ஏறி 85-ஐத் தாண்டி நின்றது. மின்னோட்டம் 8 ஆம்பியரில் கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தது. இடது அச்சு 20 முதல் 100, வலது அச்சு 0 முதல் 12. ஏறும் கோடும் படுத்த கோடும் 47-ஆவது நிமிடத்தில் அழகாக வெட்டிக்கொண்டன. மூத்த பொறியாளர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்த வெட்டுற இடத்துல என்னப்பா நடந்துச்சு?” என்றார். நானும் யோசிக்காமல், அங்கேதான் வெப்பம் சமநிலைக்கு வர ஆரம்பிக்கிறது சார் என்று ஏதோ சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வலது அச்சின் வரம்பை 0 முதல் 16 என்று மாற்றினார். வெட்டுமிடம் 25-ஆவது நிமிடத்துக்கு ஓடியது. பிறகு 0 முதல் 9 என்று அடித்தார். கோடுகள் வெட்டவே இல்லை. “இப்ப சமநிலை எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தரவில் ஒரு எண்கூட மாறவில்லை. வெட்டுமிடத்தை உருவாக்கியது மோட்டார் இல்லை, நான் கொடுத்த வரம்பு. வரம்பை நான் கொடுக்காமல் மென்பொருளே தேர்ந்தெடுத்திருந்தாலும் கதை இதுதான். எது மேலே, எது கீழே, எது செங்குத்து, எது தட்டை என்று கண் எதையெல்லாம் ‘பார்க்கிறதோ’ அதெல்லாம் இரண்டு அச்சு வரைபடத்தில் நம் கையில் இருக்கிறது.

இதில் மென்பொருள் செய்கிறவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. மேட்லேப் தன் பழைய பிளாட்ஒய்ஒய்யை ஓரங்கட்டிவிட்டு, 2016-இன் முதல் பதிப்பில் ஒய்ஒய்ஆக்சிஸைக் கொண்டுவந்தது. இரட்டை அச்சு இனி இன்னும் சுலபம் என்று அர்த்தம். புள்ளியியல்காரர்களின் ஆர் மொழியில் படம் வரையும் ஜிஜிபிளாட்2-ஐ உருவாக்கிய ஹாட்லி விக்கம், தனித்தனி அளவுகோல் கொண்ட இரட்டை அச்சுகளை வெளிப்படையாகவே எதிர்ப்பவர். அதே 2016-இல் வந்த 2.2.0 பதிப்பில் அங்கேயும் இரண்டாவது அச்சு நுழைந்தது. ஆனால் முதல் அச்சிலிருந்து ஒரு சூத்திரத்தால் கிடைப்பதாக இருந்தால்தான் உண்டு. செல்சியஸ்–ஃபாரன்ஹீட்டுக்கு வழி திறந்திருக்கிறது, வெப்பநிலை–மின்னோட்டத்துக்கு நேர்வழி இல்லை. அப்படியும் ஆட்கள் தரவை ஒரு எண்ணால் பெருக்கி உள்ளே தள்ளிவிட்டு, அச்சில் அதே எண்ணால் வகுத்துக் காட்டுகிறார்கள். கதவைச் சாத்தினால் ஜன்னல்.

வெவ்வேறு பொருள்களை இரண்டு அச்சில் போட்டு, வெட்டுமிடத்துக்கும் உண்மையான பொருள் இருக்கிற படம் கிடையவே கிடையாதா? உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஜெர்மன் தாவரவியலாளர் ஹைன்ரிஷ் வால்ட்டரும் ஹெல்முட் லீத்தும் 1960-களில் உலகம் முழுவதற்கும் போட்ட தட்பவெப்பப் படங்கள். இடது பக்கம் மாதச் சராசரி வெப்பநிலை, வலது பக்கம் மாத மழை. அளவுகோல் அவரவர் இஷ்டத்துக்கு விடப்படவில்லை: 10 டிகிரி செல்சியஸ் எந்த உயரமோ 20 மில்லிமீட்டர் மழையும் அதே உயரம். மழைக் கோடு வெப்பக் கோட்டுக்குக் கீழே போனால் அந்த மாதம் வறண்ட மாதம். இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கு பாக்னூல், கோசன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1953-இல் வைத்த வரையறையிலிருந்து வந்தது. மில்லிமீட்டரில் மழை, டிகிரியில் வெப்பத்தின் இரு மடங்குக்குக் குறைந்தால் வறட்சி. கோசனுக்கும் நமக்கும் ஒரு தொடர்புகூட இருக்கிறது. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தாவர வரைபடங்கள் போட்டதே, 1961-இல் கன்னியாகுமரித் தாளோடு, அந்த வேலையில் அவரும் ஒருவர்.

சென்னைக்கு இதைப் போட்டுப் பாருங்கள், ஒரு சிக்கல் வரும். மே மாதச் சராசரி சுமார் 33 டிகிரி, அதற்கு இணை 66 மில்லிமீட்டர். நவம்பர் மழையோ 350-ஐத் தாண்டும். அதே அளவுகோலில் நவம்பர் 175 டிகிரி உயரத்துக்குப் போய், வெப்பக் கோடு தரையோடு ஒட்டிக்கொள்ளும். வால்ட்டர் படங்களில் இதற்கும் வழி இருக்கிறது: 100 மில்லிமீட்டருக்கு மேலே அளவுகோலைப் பத்தில் ஒன்றாக நசுக்கிவிடுவது. கணக்கில் சொன்னால், 100 வரை உயரம் என்பது மழையில் பாதி. அதற்கு மேல் 50-உடன், மிச்ச மழையை 20-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 350 மில்லிமீட்டர் 62.5-இல் நிற்கும். இடது அச்சு 70-இல் முடிந்தால் வலது அச்சு 500-இல் முடியும். மேட்பிளாட்லிப்பில் மழையை இந்தச் சூத்திரத்தால் மாற்றி இடது அச்சிலேயே வரைந்துவிட்டு, வலது பக்கம் செகண்டரி ஒய்ஆக்சிஸுக்கு இதன் தலைகீழ்ச் சார்பை முதலிலும், இதை இரண்டாவதாகவும் கொடுங்கள். வரிசை மாறினால் எண்கள் அபத்தமாக வரும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சார்புக்குள் சாதாரண இஃப் போட்டால் வேலைக்கு ஆகாது, உள்ளே வருவது எண்களின் வரிசை. பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் உள்ள ‘வேர்’ (where) கட்டளையைப் பயன்படுத்துங்கள். குறிகளை 0, 20, 40, 60, 80, 100, 300, 500 என்று நீங்களே வையுங்கள். படம் வந்ததும் ஜனவரி முதல் மே வரை மழைக் கோடு வெப்பக் கோட்டுக்குக் கீழே கிடப்பதும், அக்டோபரில் கூரையை நோக்கி எகிறுவதும் தெரியும். இங்கே வெட்டுமிடத்தைக் காட்டி யார் கேள்வி கேட்டாலும் பதில் இருக்கிறது.

மோட்டாருக்கு வருவோம். இதே மாதிரி, அளவுகோலுக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். மின் பொறியாளர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, பெர் யூனிட் என்பார்கள். எல்லாவற்றையும் அதனதன் குறிப்பிட்ட மதிப்பால் வகுத்துவிடுவது. பெயர்ப்பலகையில் மின்னோட்டம் 8 ஆம்பியர் என்றிருந்தால் 8-ஆல் வகுங்கள். காப்பு வகுப்பு, அதாவது சுருளின் இன்சுலேஷன் தாங்கும் சூட்டின் தரம், பி என்றால், சூழல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் சுருள் 80 கெல்வின் வரை ஏறலாம். ஆகவே வெப்பநிலை உயர்வை 80-ஆல் வகுங்கள். 57 டிகிரி ஏறியிருந்தால் 0.71. இப்போது ஒரே அச்சு போதும். 1 என்ற இடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டால் எது எல்லையை நெருங்குகிறது என்பது விளக்கமே இல்லாமல் தெரியும்.

வேகம் மட்டும் இதில் ஒத்துழைக்காது. 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதாவது அதன் காந்தப்புலம் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்று. சுமையில் 1440 போல ஓடும். சூடேறிய பிறகு அது 1427-க்கு இறங்கினால் பெர் யூனிட்டில் 0.99. கோட்டில் ஒரு அசைவும் தெரியாது. அதனால் வேகத்தை வரையாதீர்கள், நழுவலை வரையுங்கள். அதாவது 1500-இலிருந்து எவ்வளவு பின்தங்குகிறது என்பதைச் சதவீதத்தில். 1440 என்றால் 4 சதவீதம், 1427 என்றால் 4.9. அதே தரவுதான், ஆனால் இப்போது மாற்றம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்று. உங்கள் கேள்வியை வாசிக்கும்போது, வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று காட்டத்தான் இரண்டையும் ஒன்றாகப் போட நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் நேரத்தையே தூக்கிவிடுங்கள். கிடை அச்சில் வெப்பநிலை, நெடு அச்சில் நழுவல். ரோட்டர் சூடேறினால் அதன் மின்தடை கூடும், தாமிரத்துக்கு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில். முறுக்குவிசை மாறாமல் இருந்தால் நழுவலும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடும். 57 டிகிரிக்குச் சுமார் 22 சதவீதம், அதாவது 4-லிருந்து 4.9. புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழுந்தால் உங்கள் வாதம் நிரூபணம். ஒரு அச்சுகூட கூடுதலாக வேண்டியதில்லை.

மூன்றும் நேரத்தோடுதான் வேண்டும் என்று அறிக்கை கேட்கிறவர் பிடிவாதமாக இருந்தால், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சிறு படங்கள் போடுங்கள். ஐசியூவில் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் மானிட்டரைப் பார்த்திருப்பீர்கள். இதயத் துடிப்பு ஒரு வரி, ஆக்சிஜன் ஒரு வரி, மூச்சு ஒரு வரி. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக யாரும் வரைவதில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியலின் போடே வரைபடமும் அப்படித்தான்: மேலே வீச்சு, கீழே கட்டக் கோணம் (ஃபேஸ்), அதிர்வெண் அச்சு மட்டும் பொது. மேட்லேபில் டைல்டுலேஅவுட்டில் மூன்று நிரை, ஒரு நிரல்; இடைவெளியைக் குறைத்து, மேலே உள்ள இரண்டு படங்களின் நேர எண்களை எடுத்துவிட்டு, லிங்க்ஆக்சிஸால் எக்ஸ் அச்சுகளைக் கட்டிவிடுங்கள். ஒன்றில் ஜூம் செய்தால் மூன்றும் நகரும். மேட்பிளாட்லிப்பில் சப்பிளாட்ஸ் கட்டளையில் ஷேர்எக்ஸ் ட்ரூ என்று போட்டால் தீர்ந்தது. நான் வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னது மூன்றாவது அச்சைத்தான். மூன்று அச்சுள்ள படத்தை வாசிக்கிறவர் எந்தக் கோடு எந்த அச்சு என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டு அச்சில் நிறுத்திக்கொள்கிறீர்கள் என்றால், கட்டங்கள் பொருந்த ஒரே வழி இரண்டு பக்கமும் சமமான எண்ணிக்கையில் பிரிவுகள் வைப்பது. இடது 20 முதல் 100, பத்துப் பத்தாக எட்டுப் பிரிவு. வலதும் எட்டு என்றால் 0 முதல் 12 வரை ஒன்றரை ஒன்றரையாக வரும், பார்க்க நன்றாக இருக்காது. 0 முதல் 16, இரண்டிரண்டாக வைத்தால் கச்சிதம். வரம்பைத் தானாக விட்டுவிட்டுக் குறிகளின் எண்ணிக்கையை மட்டும் பொருத்தினால் 3.714 மாதிரி எண்கள் அச்சில் வந்து உட்காரும், அதைச் செய்யாதீர்கள். எதிர்ம எண்கள் இருந்தால் பூஜ்யமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அடி வரம்புக்கும் மேல் வரம்புக்கும் உள்ள விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்: இடது -10 முதல் 40 என்றால் வலது -100 முதல் 400.

ஒரு பக்கம் சாதாரண அளவுகோல், மறுபக்கம் லாக் என்று கலப்பதை மட்டும் நான் எப்போதும் தவிர்ப்பேன். லாக்கில் நேர்கோடு என்றால் அடுக்குக்குறி வளர்ச்சி. பக்கத்திலேயே இன்னொரு நேர்கோடு சாதாரண வளர்ச்சியாக ஓடும். இரண்டும் ஒரே சாய்வில் இருந்தால் ஒரே வேகம் என்றுதான் கண் நம்பும். தவிர, லாக் அச்சில் பூஜ்யமும் எதிர்ம மதிப்புகளும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். சென்சார் அணைந்திருந்த நேரமெல்லாம் தரவே இல்லாத மாதிரி இருக்கும்.

பைத்தானில் இரண்டாவது ஒய் அச்சுக்கு ட்வின்எக்ஸ் போடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் மூன்று தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அச்சிலும் நிறம் முதலிலிருந்து தொடங்குவதால் இரண்டு கோடும் நீலமாகவே வரும். நிறத்தை நீங்களே கொடுத்து, அச்சின் எண்களுக்கும் அதே நிறத்தைப் பூசுங்கள். மேட்லேப் இதைத் தானாகவே செய்துவிடும், இடது நீலம், வலது ஆரஞ்சு. அடுத்தது, லெஜண்டில் ஒரு பக்கக் கோடு மட்டும் வரும். இரண்டு பக்கக் கோடுகளையும் ஒரே பட்டியலாக்கிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் குசும்பு. வலது அச்சின் கோடு எப்போதும் மேலே வரும். எது மேலே என்று சொல்லும் ஸீஆர்டரை இடது அச்சுக்கு உயர்த்தினால் சரியாகும் என்று பார்த்தால், அதன் வெள்ளைப் பின்னணி வலது கோட்டை முழுசாக மறைத்துவிடும். அந்தப் பின்னணியை, அதாவது இடது அச்சின் பேட்ச்சைக் கண்ணுக்குத் தெரியாதபடி அணைத்துவிடுங்கள், அப்புறம் இரண்டும் தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மூன்றாவது அச்சுதான் வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தால், மேட்பிளாட்லிப்பில் இரண்டாவது ட்வின்எக்ஸ் எடுத்து, அதன் வலது ஸ்பைனை (அச்சுக் கோட்டை) வெளிப்பக்கமாக 60 பாயிண்ட் தள்ளுங்கள். மேட்லேபில் ஒளிபுகும் பின்னணியோடு இன்னொரு அச்சை மேலே வைத்து, அகலத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அதன் நேர வரம்பையும் அதே ஐந்தில் ஒரு பங்கு நீட்ட வேண்டும்: 0 முதல் 120 நிமிடம் என்பது 0 முதல் 144 ஆகும். இல்லையென்றால் மூன்றாவது கோடு நேரம் தப்பி ஓடும். சேமிக்கும்போது வெளியே தள்ளிய அச்சு ஓரத்தில் வெட்டுப்படும்; மேட்பிளாட்லிப்பில் சேவ்ஃபிக்கில் பிபாக்ஸ் இஞ்சஸ் டைட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், மேட்லேபில் எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் பயன்படுத்துங்கள்.